வாசகர் கேள்வி – பதில்: கெண்டைக்கும் விராலுக்கும் முன்னே

சென்ற இதழில் காவிரி, பவானி, அமராவதி ஆறுகளின் மீன்களைப் பற்றி எழுதியபோது, அவை அனைத்தும் ‘கதிர்த்துடுப்பு மீன்கள்’ என்னும் ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்தவை என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கொங்கு நாட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இம்முறை அக்கேள்விகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம்.

மேட்டூர் மீன் என்று விற்கப்படும் கட்லா, கெளுத்தி, விரால், ஜிலேபி ஆகியவை உருவத்திலும் சுவையிலும் வெவ்வேறாக இருக்கின்றன. எதை அடையாளமாகக் கொண்டு இவற்றை ஒரே பிரிவில் அடக்குகிறார்கள்?
– வாசகர், பவானி

துடுப்பைக் கொண்டுதான். அடுத்த முறை மீன் வாங்கும்போது, வெட்டக் கொடுப்பதற்கு முன் ஒரு கட்லாவின் முதுகுத் துடுப்பை விரல்களால் விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய தோலும், விசிறிக் குச்சிகளைப் போல அதைத் தாங்கி நிற்கும் எலும்புக் கதிர்களும் மட்டுமே தெரியும், சதை இராது. ஒவ்வொரு கதிரும் சின்னஞ்சிறு துண்டுகள் கோத்ததாக இருப்பதையும், நுனியை நெருங்கும்போது இரண்டாகவும் நான்காகவும் பிரிவதையும் கண்ணாலேயே காணலாம். துடுப்பை அசைக்கும் தசைகள் துடுப்புக்குள் இல்லாமல் உடலுக்குள் இருக்கின்றன. இந்த அமைப்பு உள்ளவையே கதிர்த்துடுப்பு மீன்கள்.

அடிப்படை ஒன்றே என்றாலும் ஒவ்வொரு கூட்டமும் அதைத் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டிருக்கிறது. ஜிலேபியின் முதுகுத் துடுப்பில் முன்பகுதிக் கதிர்கள் கூர்மையான முட்களாக மாறியிருப்பதைக் கையில் குத்து வாங்கியவர்கள் அறிவார்கள். கெளுத்தியின் மார்புத் துடுப்பில் முதல் கதிர் தடித்து முள்ளாகி, விரித்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும் மூட்டையும் பெற்றிருக்கிறது. வலையிலிருந்து கெளுத்தியைக் கழற்றுவோர் கைக்குப் பயப்படுவது இதனால்தான்.

சதை துடுப்புக்குள்ளும் நீண்டிருக்கும் மீன்கள் தனிப் பிரிவு. அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை சீலகாந்த் இனங்கள் 2, நுரையீரல் மீன்கள் 6. தவளை முதல் மனிதர் வரை நிலத்தில் வாழும் முதுகெலும்பு உயிர்கள் அனைத்தும் அந்தச் சதைத்துடுப்புக் கிளையில் தோன்றியவை. சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பு மீன்கள். இவ்விரண்டு பிரிவுகளிலும் சேராதவை.

மீனின் காற்றுப்பையே பிற்காலத்தில் நுரையீரலாக மாறியது என்று படித்தேன். சரியா?
– பள்ளி மாணவி, கோபிசெட்டிபாளையம்

நடந்தது தலைகீழ். நுரையீரல்தான் முந்தியது. கதிர்த்துடுப்பு மீன்களில் மிகப் பழைய கிளையான பிச்சிர் என்னும் ஆப்பிரிக்க மீன்களுக்கு இன்றும் இணை நுரையீரல்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் தோன்றிய மீன்களில் அதே உறுப்பு, நீரில் மிதப்பைச் சரிசெய்யும் காற்றுப்பையாக மாறியது. விரால் நீரின் மேலே வந்து காற்றை விழுங்குவதைக் கண்டு அதற்கும் நுரையீரல் உண்டென்று எண்ணிவிட வேண்டாம். செவுளுக்கு மேலே உள்ள தனி அறையால் அது சுவாசிக்கிறது. பனையேறிக் கெண்டையும் அவ்வாறே.

இப்பிரிவில் 30,000 இனங்களுக்கு மேல் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். மீன்களில் மட்டும் இவ்வளவு வகை பெருகக் காரணம் என்ன?
– வாசகர், தாராபுரம்

முதுகெலும்புள்ள உயிரினங்களில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரு பிரிவுக்குள் அடங்கிவிடுகின்றன. சுமத்ராவின் சதுப்பு நீரில் வாழும் பீடோசிப்ரிஸ் என்னும் மீனின் முதிர்ந்த பெண் 7.9 மில்லிமீட்டர் நீளமே உடையது. 2021இல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே இறந்து மிதந்த சூரிய மீன் ஒன்று 2,744 கிலோ எடை இருந்தது. இரண்டுக்கும் துடுப்பின் அடிப்படை ஒன்றே.

ஆனால் 30,000 என்ற எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தினால் உண்மை பாதி மறைந்துவிடும். இப்பிரிவின் கிளைகளில் இனங்கள் சமமாகப் பரவியிருக்கவில்லை. பிச்சிர்கள், ஸ்டர்ஜனும் துடுப்புமூக்கு மீனும் அடங்கிய கூட்டம், வட அமெரிக்காவின் கார் மீன்கள், போஃபின் ஆகிய நான்கு பழைய கிளைகளையும் கூட்டினாலும் இன்று ஏறத்தாழ 50 இனங்களே தேறும். எஞ்சியவை யாவும் டெலியோஸ்ட் என்னும் ஒரே கிளையில் உள்ளன. நம் கெண்டை, விரால், அயிரை, வஞ்சிரம், மத்தி எல்லாம் அதைச் சேர்ந்தவையே. ஆகவே கேள்வியைச் சற்றுத் திருத்தி, இந்த ஒரு கிளை மட்டும் ஏன் பெருகியது என்று கேட்பதே பொருத்தம்.

முதல் காரணம் வாய். பழைய மீன்களில் மேல்தாடை எலும்பு மண்டையோட்டுடன் இறுகியிருந்தது. டெலியோஸ்ட்களில் அது தளர்ந்தது. பலவற்றில் வாய் குழல்போல் முன்னே நீளவும் செய்கிறது. கோயில் தெப்பக்குளத்தில் பொரியைத் தூவிவிட்டுக் கெண்டைகளைக் கவனித்தால், அவை பொரியைக் கடிக்காமல் நீரோடு உறிஞ்சி இழுப்பது தெரியும். கெண்டையின் வாயில் பல்லே கிடையாது. அதன் பற்கள் தொண்டையில் இருக்கின்றன, அரைக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. ஜிலேபியும் அதன் உறவினங்களும் தொண்டைத் தாடையை இன்னும் திறமையாக வளர்த்துக்கொண்டதால், முன்வாய் அரைக்கும் பொறுப்பிலிருந்து விடுபட்டு, பாசி சுரண்டவும் நத்தை உடைக்கவும் பிற மீனின் செதிலைப் பிய்க்கவும் எனப் பலவாறாக மாற முடிந்தது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் மட்டும் பல நூறு ஜிலேபி உறவினங்கள் தோன்றியது இவ்வாறே.

இரண்டாவது காரணம் நிலத்தின் அமைப்பு. ஆறுகளும் ஏரிகளும் புவியின் மொத்த நீரில் நூற்றில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவு. ஆயினும் மீன் இனங்களில் ஏறத்தாழப் பாதி நன்னீரில் வாழ்கின்றன. கடலில் மீன் நீந்திக் கலந்துவிடும். மலை பிரித்த இரு ஓடைகளின் மீன்கள் கலப்பதில்லை, காலப்போக்கில் தனித்தனி இனங்களாகிவிடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைக் கண்கூடாகக் காணலாம். மலையோடைகளின் வேகமான நீரில், அகன்ற துடுப்புகளைப் பாறையில் படிய வைத்து ஒட்டிக்கொள்ளும் சிறு மீன் ஒன்று உண்டு. அயிரைக்குத் தூரத்து உறவான அதன் பேரினத்துக்கு மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா 1920இல் ‘பவானியா’ என்று நம் ஆற்றின் பெயரையே சூட்டினார்.

டெலியோஸ்ட்களின் மூதாதையில் மரபுத்தொகுதி, அதாவது உயிரணுவில் உள்ள மரபணுக்களின் தொகுப்பு, முழுவதும் ஒருமுறை இரட்டிப்பானது என்பது உறுதிப்பட்ட செய்தி. அதுவே பெருக்கத்துக்குக் காரணம் என்று எழுதுவோர் உண்டு. இரட்டிப்புக்கும் பெரும் பெருக்கத்துக்கும் இடையே பல கோடி ஆண்டுகள் கடந்திருப்பதால், அதை முதன்மைக் காரணமாக ஏற்க எமக்குத் தயக்கம் இருக்கிறது.

ஆராலும் விலாங்கும் ஒரே குடும்பம்தானே? பார்ப்பதற்கு இரண்டும் பாம்பு போலவே இருக்கின்றனவே?
– இல்லத்தரசி, அந்தியூர்

இல்லை. நீண்ட உடல் மீன்களிடையே பலமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ஆரால், விலாங்கைவிட விராலுக்கே நெருங்கிய உறவு. விலாங்கு டெலியோஸ்ட்களில் மிகப் பழைய கிளை ஒன்றைச் சேர்ந்தது. ஆற்றில் வளர்ந்தாலும் முட்டையிடக் கடலுக்கே போகிறது. அதன் குஞ்சு கண்ணாடி இலை போலத் தட்டையாகக் கடலில் மிதந்து, பிறகு உருமாறி ஆற்றில் ஏறுகிறது. குறுக்கே அணைகள் எழுந்த ஆறுகளில் அந்த ஏற்றம் தடைப்பட்டுவிடும். தென்னமெரிக்காவின் ‘மின் விலாங்கு’ விலாங்கே அல்ல. அது கெளுத்தியின் உறவு.

இதற்கு மாறாக, செதில் உள்ள கெண்டையும் செதில் இல்லாத கெளுத்தியும் நெருங்கியவை. இரண்டிலும் முதுகெலும்பின் முன்பகுதியிலிருந்து உருவான சிற்றெலும்புகள் சங்கிலியாக அமைந்து, காற்றுப்பையின் அதிர்வை உட்காதுக்குக் கடத்துகின்றன. நன்றாகக் கேட்கும் திறன் கலங்கிய ஆற்று நீரில் எவ்வளவு பயன்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உலகின் நன்னீர் மீன்களில் பெரும்பான்மை இந்தச் சிற்றெலும்புக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

காங்கேயம் பக்கத்துக் கிணறு வெட்டுகளில் மீன் படிமங்கள் கிடைக்க வாய்ப்புண்டா? அழிந்துபோன கதிர்த்துடுப்பு மீன்கள் எப்படி இருந்தன?
– வாசகர், காங்கேயம்

முதல் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. கொங்கு நாட்டின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோக்கைட்டும் நைஸும்; ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையும், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய வரலாறும் உடையது. அப்பாறை உருவான காலத்தில் மீன் என்ற உயிரே இல்லை. காங்கேயம் அருகே உள்ள படியூரில் பச்சைக்கல் கிடைக்கும்; மீன் கிடைக்காது. கடல் படிவுகளைக் காண அரியலூருக்கும், மீன் படிமங்களுக்குப் பிராணஹிதா–கோதாவரி பள்ளத்தாக்கின் கோட்டா பாறைகளுக்கும் போக வேண்டும். ஜுராசிக் காலத்தைச் சேர்ந்த கோட்டாவிலிருந்து லெபிடோட்டஸ் என்னும் மீன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே விவரிக்கப்பட்டது. அதன் செதில்கள் சாய்சதுர வடிவில், பல்லின் மேற்பூச்சையொத்த பளபளப்புடன், ஓடு வேய்ந்ததுபோல் நெருங்கிக் கிடக்கும். தக்காண எரிமலைக் குழம்புகளின் இடையே உள்ள படிவுகளில் கார் மீன்களின் செதில்களும் கிடைத்திருக்கின்றன. இன்று வட அமெரிக்கா, நடு அமெரிக்கா, கியூபா தவிர வேறெங்கும் இல்லாத கார் மீன், டைனோசர்களின் கடைசிக் காலத்தில் இந்தியாவின் ஏரிகளில் நீந்தியிருக்கிறது.

இரண்டாம் கேள்வி பெரிது. ஸ்காட்லாந்தில் கிடைத்த, ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கெய்ரோலெபிஸ், மிகப் பழைய கதிர்த்துடுப்பு மீன்களில் ஒன்று. அங்கிருந்து கணக்கிட்டால், இப்பிரிவின் வரலாற்றில் பெரும்பகுதியை இன்றைய மீன்கள் அல்லாத கூட்டங்களே ஆண்டிருக்கின்றன. டைனோசர்கள் தோன்றிய ட்ரையாசிக் காலத்தில் ஆஸ்திரியாவிலும் சீனாவிலும் பறக்கும் மீன்கள் இருந்தன. அகன்ற மார்புத் துடுப்பும், கீழ்ப்பகுதி நீண்ட வாலும் இன்றைய பறவை மீனை அப்படியே ஒத்திருந்தாலும், இரண்டுக்கும் உறவில்லை. அவை முற்றாக அழிந்து, பல கோடி ஆண்டுகள் கழித்து அதே வடிவம் வேறொரு கிளையில் மீண்டும் தோன்றியது.

பேருருவில் முதலிடம் லீட்சிக்திஸுக்கு. இங்கிலாந்தின் பீட்டர்பரோ அருகே களிமண் குழிகளில் ஆல்ஃபிரெட் லீட்ஸ் சேகரித்த எலும்புகளுக்கு 1889இல் பெயரிடப்பட்டது. கொடுவாய் கொண்டு வேட்டையாடியது என்று எண்ணிவிட வேண்டாம். செவுளில் இருந்த சல்லடையால் கடலில் மிதக்கும் சிற்றுயிர்களை வடித்து உண்டது. ஒரு காலத்தில் இதற்கு 27 மீட்டர் வரை நீளம் கூறப்பட்டது. எலும்புகள் துண்டு துண்டாகவே கிடைப்பதால் நேர்ந்த மிகை அது. பிற்காலக் கணிப்பு ஏறத்தாழ 16 மீட்டர். கதிர்த்துடுப்பு மீன்களில் இதற்கு இணை இன்று எதுவுமில்லை. டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியத்தின் கடலில் வாழ்ந்த சிஃபாக்டினஸ் வேறு வகை: 4 மீட்டர் நீளம், கோரைப் பற்கள். அமெரிக்காவின் கான்சாஸில் 1952இல் தோண்டியெடுத்த ஒன்றின் வயிற்றுக்குள், ஏறத்தாழ 2 மீட்டர் மீன் ஒன்று செரிக்காமல் முழுதாகக் கிடந்தது. விழுங்கியதே அதன் சாவுக்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில் சிஃபாக்டினஸ் போன்ற கடல் வேட்டை மீன்கள் மறைந்தன. அவை விட்ட இடத்தில் பெருகியவை முள் துடுப்புக் கூட்டம்: சூரை, வஞ்சிரம், ஜிலேபி, விரால் எல்லாவற்றின் முன்னோர். இத்தாலியின் போல்கா மலையில் உள்ள ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையான சுண்ணாம்புப் பாறையைப் பிளந்தால், இன்றைய பவளப்பாறை மீன்களின் குடும்பங்களில் பலவற்றை அடையாளம் காண முடிகிறது.

ஜிலேபி வந்த பிறகுதான் நாட்டு மீன்கள் அழிந்தன என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

ஒரு பகுதி உண்மை. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் ஜிலேபி 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பதால் குஞ்சுகள் அதிகம் பிழைக்கின்றன. மாசுபட்ட நீரையும் அது தாங்குகிறது. குளங்களில் நாட்டுக் கெண்டைகளை அது நெருக்கியதில் ஐயமில்லை. ஆனால் ஆற்று மீன்களின் குறைவுக்கு அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்துப் பிடித்தல் ஆகியவற்றின் பங்கை மறைத்து ஜிலேபியின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது.

ஜிலேபி மட்டுமே காரணமல்ல என்பதற்குத் தங்கள் ஊருக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. அமராவதி அணைக்கு மேலே சின்னார் வனத்தில் ஓடும் பாம்பாற்றிலிருந்து 2007இல், கெண்டைக் குடும்பத்தின் பெரிய ஆற்று மீனான மகாசீரில் ஓர் இனம் விவரிக்கப்பட்டது. 50 கிலோவைத் தாண்டி வளர்ந்ததாகப் பதிவுகள் உள்ள, காவிரிக்கே உரிய கூன்முதுகு மகாசீருக்கு அப்போது முறையான அறிவியல் பெயர் இல்லை. பவானிசாகருக்கு நீர் தரும் மோயாற்றில் பிடித்த மீன்களை ஆராய்ந்து, இரண்டும் ஒரே இனமென்று 2018இல் நிறுவினார்கள். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் செய்த ஒரு காரியமும் இதற்குக் கேடாக முடிந்தது: மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரித்து வளர்த்த நீலத்துடுப்பு மகாசீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள், அவை பெருக, உள்ளூர் இனம் சுருங்கியது.

இரண்டையும் வேறுபடுத்திக் காண்பது கடினமன்று. காவிரி இனத்தின் துடுப்புகள், முக்கியமாக வால், ஆரஞ்சு நிறம் உடையவை. தலைக்குப் பின்னாலேயே முதுகு செங்குத்தாக எழும். வந்தேறிக்குத் துடுப்புகள் நீலச் சாம்பல் நிறம். முதுகு சீராக வளையும். அமராவதி, மோயாறு பகுதிகளில் ஆரஞ்சு வால் மகாசீர் வலையில் சிக்கினால், படம் எடுத்துக்கொண்டு உடனே நீரில் விட்டுவிடும்படி மீனவ நண்பர்களிடம் சொல்லுங்கள்.