குளிர்நீர் டைவிங்கில் டிரை கிளவ்: கேள்வி பதில்

டிரை கிளவ், அதாவது தண்ணீர் புகாமல் கையை உலர்ந்தபடி வைக்கும் கையுறை, எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி மாட்டுவது, எங்கே கசிகிறது என்று வந்த கேள்விகளுக்குப் பதில்கள் கீழே. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். டிரைசூட்டில் (தண்ணீர் புகாத டைவிங் உடை) மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்களுக்கானது இது. சூட்டே புதிது என்றால் முதலில் அது கைவரட்டும், கிளவ் அப்புறம்.

கேள்வி: 8 டிகிரி தண்ணீரில் 5 மி.மீ. நியோப்ரீன் கையுறை போடுகிறேன். 20 நிமிடத்தில் விரல் மரத்துப் போகிறது. 7 மி.மீ. வாங்கலாமா, டிரை கிளவுக்கே போய்விடலாமா சார்?

டிரை கிளவுக்குப் போய்விடுங்கள். நியோப்ரீன் ஒரு நுரை ரப்பர், அதற்குள் இருக்கும் குமிழ்கள் ஆழத்தில் நசுங்கிவிடும். மேலே 5 மி.மீ. இருந்தது 20 மீட்டரில் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். போதாததற்கு உள்ளே தண்ணீர் வேறு. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 7 மி.மீ.யில் ஐந்து விரல் கையுறை போட்டால் விரலை மடக்கவே பாதி பலம் போய்விடும். மூன்று விரல் கையுறை சூடாக இருக்கும், ஆனால் நுணுக்கமான வேலைக்கு ஆகாது. தோராயமாக 10 டிகிரிக்குக் கீழே, அரை மணி நேரத்துக்கு மேல் என்றால் டிரை கிளவ்தான்.

வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். உடம்புக்குப் போடும் உள் சூட் மெல்லியதாக இருந்தால், உடம்பு தன் நடுப்பகுதியைக் காப்பாற்றக் கைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். அப்போது எந்தக் கிளவும் உதவாது.

கேள்வி: கடையில் பல வகை காட்டுகிறார்கள். எதை எடுப்பது?

மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் வகையில், சூட்டின் கையில் ஒரு வளையம், கிளவில் ஒரு வளையம், இரண்டையும் நேராக அழுத்தினால் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தின் பிடிப்பில் நிற்கும். கூபி என்ற பிராண்ட் இந்த வகை. இரண்டாவது, திருகிப் பூட்டுவது. மூன்றாவது, வளையமே இல்லாமல், மணிக்கட்டைச் சுற்றி இறுக்கித் தண்ணீரைத் தடுக்கும் மணிக்கட்டு சீலுக்குப் பதிலாகக் கிளவையே சூட்டோடு ஒட்டிவிடுவது.

அழுத்தும் வகையில் உறுப்புகள் குறைவு, கண்ணால் பார்த்தே சரியாக உட்கார்ந்ததா என்று சொல்லிவிடலாம். ஆனால் குளிரில் இறுகிவிட்டால் கழற்றக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். திருகும் வகை எளிதாகக் கழலும். அதுவே அதன் குறையும்கூட: கயிற்றிலோ சிலிண்டரைத் தாங்கும் ஹார்னஸ் பட்டையிலோ மாட்டி இழுபட்டால் தானாகத் திரும்பக் கூடும், அதனால் பூட்டும் தாழ் இருக்கிறதா பாருங்கள். ஒட்டும் வகை மலிவு, தடிமன் இல்லை. கிளவ் கிழிந்தால் அன்றைய டைவ் முடிந்தது, புதிது ஒட்டிக் காயும்வரை சூட்டும் முடங்கும். என் ஓட்டு அழுத்தும் வகைக்கு.

வளையத்தின் உள்விட்டம் முக்கியம். உள்கையுறை போட்ட கை அதற்குள் சுலபமாகப் போய்வர வேண்டும். பெரிய கைக்காரர்கள் அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: வளையம் போட்டபின் மணிக்கட்டு சீல் தேவையா? எடுத்துவிட்டால் காற்று தாராளமாகப் போய்வருமே, அண்ணா?

போய்வரும், உண்மைதான். சூட்டுக்கும் கிளவுக்கும் அழுத்தம் சமமாவது பற்றிய தலைவலியே இருக்காது. ஆனால் பாறையில் உரசி விரல் நுனியில் ஓர் ஓட்டை விழுந்தால், தண்ணீருக்கும் உங்கள் தோளுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. 4 டிகிரி தண்ணீரில் கை முழுக்க நனைந்தபடி டிகம்ப்ரெஷன் நிறுத்தத்தில் (உடம்பில் கரைந்த வாயு வெளியேற, ஏறும் வழியில் நிற்பது) காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். சீலை வைத்துக்கொள்ளுங்கள், அதன் அடியில் ஒரு சின்னக் குழாயை விடுங்கள்.

குழாய் ஏன் வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சீல் விரலை நோக்கிக் குவிந்திருக்கும் கூம்பு. சூட்டின் கைக்குள் அழுத்தம் கூடினால் அதன் உதடு லேசாகத் தூக்கிக்கொடுக்கும், காற்று கிளவுக்குள் போய்விடும். எதிர்த்திசையில் அப்படி இல்லை. கிளவில் அழுத்தம் கூடினால் அது சீலைத் தோலோடு இன்னும் அமுக்கும். அதாவது சீல் ஒருவழி வால்வு போல நடந்துகொள்ளும். இறங்கும்போது எப்படியோ சமாளித்து, ஏறும்போது கிளவ் பலூனாகிறவர்கள் எல்லோருக்கும் காரணம் இதுதான்.

கேள்வி: என்ன குழாய், எவ்வளவு நீளம்?

3 முதல் 5 மி.மீ. விட்டமுள்ள மெல்லிய சிலிக்கான் குழாய், அல்லது அதே பருமனில் பஞ்சி (எலாஸ்டிக்) கயிறு. நீளம் 10 செ.மீ. போதும்: சீலுக்கு இருபுறமும் 2, 3 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மிக மெல்லிய சுவருள்ள குழாய் சீலின் அழுத்தத்தில் தட்டையாகிவிடும், அதை விரலால் நசுக்கிப் பார்த்து வாங்குங்கள். மணிக்கட்டின் பக்கவாட்டில், எலும்பு முட்டும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி வைத்தால் உறுத்தாது. உள்கையுறையின் நுனி குழாய் வாயை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள் சூட்டின் கட்டைவிரல் வளையத்தையே சீலுக்கு அடியில் விடுகிறவர்களும் உண்டு. காற்று போகும்தான். கிளவ் கசிந்தால் அந்தத் துணியே திரி மாதிரி தண்ணீரை முழங்கை வரை இழுத்துக்கொண்டு போகும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: 12 மீட்டரில் விரல்களைக் கிடுக்கியில் வைத்த மாதிரி பிடிக்கிறது. என்ன செய்வது?

கிளவுக்குள் இருக்கும் காற்று சுருங்குகிறது. 10 மீட்டரில் பாதி, 20-ல் மூன்றிலொரு பங்கு, 30-ல் கால் பங்கு. முதல் 10 மீட்டரில்தான் மாற்றம் அதிகம், அங்கேதான் கவனமும் அதிகம் வேண்டும். இறங்கத் தொடங்கியதும் ஒவ்வொரு 2, 3 மீட்டருக்கும் சூட்டில் கொஞ்சம் காற்று விட்டு, ஒரு கையைத் தோளுக்கு மேலே தூக்கி, விரல் மேல்நோக்கியபடி 3 விநாடி வைத்திருங்கள். பிறகு அடுத்த கை. காற்று மேட்டை நாடும், தானாக விரலுக்குப் போகும். சூட்டுக் காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வு இருக்கும் கையைத் தூக்கும்போது வால்வை இறுக்கி வைத்திருக்காவிட்டால் காற்று அதன் வழியே போய்விடும்.

வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள். நசுங்கிய கிளவ் குழாய் வாயையும் சேர்த்து அடைத்துவிடும். விரலில் ரத்தம் குறையும், உள்கையுறையின் பஞ்சும் தட்டையாகிக் காப்பு போய்விடும். "டிரை கிளவ் போட்டும் குளிருகிறது" என்கிறவர்களில் நிறையப் பேருக்கு இந்த நெருக்கல்தான் காரணம். அப்படியும் காற்று போகாவிட்டால் 2 மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள்.

கேள்வி: ஏறும்போது கிளவ் ஊதிக்கொள்கிறது.

குழாய் இருந்தால் கையை முழங்கைக்குக் கீழே தொங்கவிடுங்கள், காற்று சூட்டுக்கே திரும்பி டம்ப் வால்வு வழியாக வெளியேறும். குழாய் இருந்தும் ஊதுகிறதென்றால் அது அடைபட்டிருக்கிறது. விரல் விறைத்து வால்வைப் பிடிக்க முடியாத நிலை வரும் முன் நின்று சரிசெய்யுங்கள்.

கேள்வி: வலது கை மட்டும் எப்போதும் ஈரம். ஓ-ரிங்கை மாற்றிவிட்டேன், பயனில்லை.

முதலில் அது கசிவுதானா? உள்கையுறை முழுக்க ஒரே சீராக நசநசவென்று இருந்தால் வியர்வை. விரல் நுனியில் தண்ணீர் தேங்கி, கடலில் டைவ் செய்த பின் அது உப்புக் கரித்தால் கசிவு.

கசிவென்றால் கிளவைக் கழற்றி வாயைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து, பக்கெட் தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்குகளைக் கவனமாகப் பாருங்கள், ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். குமிழ் வராவிட்டால் கிளவ் நல்லது, வளையம்தான் குற்றவாளி. இப்போது சோதனைக்காக மட்டும் இடது கிளவை வலது பக்கம் மாட்டி, சூட்டில் காற்று விட்டு, கையைப் பக்கெட்டில் முக்குங்கள். கசிவு நின்றால் கிளவ் பக்க வளையத்தில் குறை. அப்படியே கசிந்தால் சூட் பக்கத்தில்.

இதற்கெல்லாம் முன்னால், ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்கையுறையிலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு கம்பளி இழை, ஒரு முடி, நாலு மணல் துகள் போதும். வலது கையில் மட்டும் அடிக்கடி வருவதற்கும் காரணம் உண்டு: வலது கைப்பழக்கமுள்ளவர் இரண்டாவதாக மாட்டுவது வலது கிளவை, அதுவும் ஏற்கெனவே கிளவ் போட்ட இடது கையால். அந்த நேரத்தில் இழை சிக்குவது கண்ணுக்குத் தெரியாது. உள்கையுறையின் விளிம்பைச் சீலுக்கு அருகே மடித்துவிட்டு, வளையங்களைச் சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று கூட டைவ் செய்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓ-ரிங்கில் வாசலின் தடவலாமா?

கூடாது. பெட்ரோலிய எண்ணெய் லேட்டெக்ஸ் சீலையும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் ஓ-ரிங்கையும் கெடுக்கும். சிலிக்கான் கிரீஸை விரலில் தொட்டு மினுமினுப்பு தெரியும் அளவு மட்டும். அதிகமானால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓ-ரிங்கோ சீலோ சிலிக்கானாக இருந்தால் சிலிக்கான் கிரீஸ் அதை ஊதவைக்கும், அங்கே கிரீஸ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிளவ் எந்தப் பொருளில் நல்லது? உள்கையுறை?

லேட்டெக்ஸ் நன்றாக நீளும், தொடுஉணர்வு அருமை, ஆனால் வெயிலிலும் எண்ணெயிலும் சீக்கிரம் நைந்துபோகும். பி.வி.சி. உரசலைத் தாங்கும், குளிரில் விறைக்கும். நைட்ரைல் குத்துக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவாக நீளாது. உடைந்த இரும்பு, சிப்பி ஒட்டிய பாறை உள்ள இடங்களுக்கு பி.வி.சி. அல்லது நைட்ரைல்.

உள்கையுறையில் மெரினோ கம்பளி அல்லது தின்சுலேட் என்ற செயற்கை இழை. கிளவ் அதற்குத் தகுந்தாற்போல் ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு உள்கையுறைகளைத் திணித்துப் போட்டால் காற்றுக்கு இடமும் இருக்காது, ரத்த ஓட்டமும் குறையும். கையை முழுசாக மூடித் திறக்க முடிய வேண்டும், அதுதான் அளவு.

கேள்வி: புதுக் கிளவை வளையத்தில் மாட்ட முடியவில்லை. கிழிந்துவிடுமோ என்று பயம்.

பி.வி.சி. என்றால் கிளவின் வாய்ப்பகுதியை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வையுங்கள், இளகிவிடும். துடைத்துவிட்டு வளையத்தின் மேல் இழுத்து, சுருக்கம் இல்லாமல் நீவி, பிறகு ஓ-ரிங்கை ஏற்றுங்கள். ஒரு சுருக்கம் ஒரு வாய்க்கால். கட்டைவிரல் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை இறுக்கும் முன் கையைச் சும்மா தொங்கவிட்டுப் பாருங்கள், பிறகு திருப்புவது கஷ்டம்.

கேள்வி: ஆழத்தில் கிளவ் கிழிந்தால்?

கையைத் தாழ்த்தியே வையுங்கள். தூக்கினால் ஓட்டை வழியாகக் காற்று போகும், உள்ளே புகுந்த தண்ணீர் சீலைத் தாண்டி அக்குளை நோக்கி ஓடும். சீலுக்கடியில் குழாய் இருப்பதால் மெதுவாகக் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும், அதை எதிர்பாருங்கள். டைவை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நீண்ட டிகம்ப்ரெஷன் உள்ள டைவ் என்றால் பையில் ஒரு ஜோடி நியோப்ரீன் கையுறையைக் கொண்டுபோவது வழக்கம்.

கேள்வி: பேட்டரியில் சூடாகும் உள்கையுறை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அது இல்லாமலேயே டைவை முடிக்கும் அளவு காப்பு இருக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனை டைவிங் பிரிவு 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அடியில் வெதுவெதுப்பாகவும் டிகம்ப்ரெஷனில் குளிராகவும் இருப்பது உடம்பில் வாயுக் குமிழ் உண்டாகும் டிகம்ப்ரெஷன் நோய்க்கு மோசமான சேர்க்கை என்று காட்டியது. எதிர்மாறாக இருந்தவர்களுக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்தது. அது முழு உடம்பையும் வைத்துச் செய்த சோதனை என்றாலும், அடியில் முழுச் சூட்டில் ஓடவிட்டு நிறுத்தத்தில் பேட்டரி தீர்ந்துபோவதுதான் வரக்கூடாத நிலை என்பது தெளிவு. அடியில் குறைவாக, ஏறும்போது கூடுதலாக வையுங்கள். ஆக்சிஜன் செறிந்த வாயுவால் சூட்டை ஊதும் பழக்கம் இருந்தால் சூடேற்றியோடு அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: முதல் டைவில் என்ன பயிற்சி?

5, 6 மீட்டர் ஆழம் போதும். சிலிண்டர் வால்வைத் திறந்து மூடுவது, காற்று விடும் இன்ஃப்ளேட்டர் பொத்தான், மாஸ்க் கழற்றி மாட்டுவது, போல்ட் ஸ்னாப்பை (கருவிகளை மாட்டும் கொக்கி) கழற்றுவது எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். சின்ன ஸ்னாப் கைக்கு வசப்படாது, ஒரு அளவு பெரிதாக மாற்றிக்கொள்ளுங்கள். டைவ் கம்ப்யூட்டரின் பட்டை வளையத்துக்கு மேலே, முழங்கைப் பக்கமாகக் கட்ட வேண்டிவரும், பஞ்சி பட்டை வசதி. கிளவுக்குள் இருக்கும் காற்றால் எடை சிறிது கூட்ட வேண்டியிருக்கலாம். சிலிண்டர் ஏறக்குறையத் தீர்ந்த நிலையில் 3 மீட்டரில் நிற்க முடிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கழற்றும்போது விரலெல்லாம் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது.

விரல் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள், வளையத்தைப் பிடித்துக் கழற்றுங்கள். திரும்பிவிட்டால் வாயைச் சுருட்டிப் பிடித்துக் காற்றை உள்ளே அமுக்கினால் விரல்கள் டப்பென்று வெளியே வரும். நன்னீரில் அலசி, வாய் கீழே இருக்கும்படி நிழலில் தொங்கவிடுங்கள், உள்கையுறையைத் தனியாகக் காயப்போடுங்கள்.