வரிப்பணம் ஏன்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எச்.ஐ.வி. பரிசோதனையையும் சிகிச்சையையும் அரசு இலவசமாகத் தரவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். புற்றுநோய்க்கும் சிறுநீரகத்துக்கும் பணமில்லாமல் சாகிறவர்கள் இருக்கையில், ஒழுக்கமாக இருந்தால் வராத நோய்க்கு ஏன் வரிப்பணம்? விழிப்புணர்வுப் பிரசாரம் போதாதா? தவறாக நினைக்கவேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

இதில் தவறாக நினைக்க ஒன்றுமில்லை. பலர் மனதுக்குள் வைத்திருப்பதை நீங்கள் வெளிப்படையாகக் கேட்டுவிட்டீர்கள்.

கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத பெண்ணுக்கும் இந்தத் தொற்று வருகிறது. அவள் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் வரலாம். சிகிச்சை இல்லையென்றால் அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 வரை தொற்றும். தாய் மருந்து சாப்பிட்டால் 5-க்கும் கீழே போய்விடும். ஆனால் இவர்களைக் காட்டி உங்களிடம் ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. அப்பாவி நோயாளி, தப்பு செய்த நோயாளி என்று பிரிக்கத் தொடங்கினால் இரண்டு பேருமே பரிசோதனைக்கு வரமாட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் நண்பன் ஒருவனுக்குத் துணையாகப் போயிருந்தேன். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், விரலளவு பிளாஸ்டிக் பட்டை. இருபது நிமிடத்தில் கோடு தெரிந்துவிடும். அந்த இருபது நிமிடத்துக்கு மனதைத் தேற்றிக்கொள்ள அவனுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. மேசையில் இருந்தவர் கூடம் முழுக்கக் கேட்கும்படி, “எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்கு வந்தது யாரு?” என்றார். நண்பன் எழுந்து நேராக வாசலைப் பார்த்து நடந்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். எதிர்ச் சுவரில் பெரிய விழிப்புணர்வுச் சுவரொட்டி இருந்தது. அதில் இருந்த அத்தனையும் அவனுக்கு முன்பே தெரியும். முடிவு என்ன என்பதை அவன்தான் சொல்லவேண்டும், நான் சொல்லமாட்டேன்.

தனி அறை, பயிற்சி பெற்ற ஆலோசகர், பெயரை வெளியே விட்டால் தண்டிக்கும் சட்டம், தொற்று தெரிந்த அன்றே மருந்து – இவற்றை எல்லா ஊருக்கும் கொண்டுபோக அரசால்தான் முடியும். 2024-இல் உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள் சுமார் 4 கோடியே 8 லட்சம் பேர். அவர்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது. மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. ஆகவே அவருடைய மருந்துக்கு அரசு செலவிடுகிற வரிப்பணம் இன்னொருவருக்கும் காவல்.

செலவு தாங்காது என்றுதான் அரசுகள் எப்போதும் சொல்லிவந்திருக்கின்றன. 1990களின் இறுதியில், பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்துக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001-இல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. இன்று ஏழை நாடுகளுக்கு 45 டாலருக்கும் குறைவாகக் கிடைக்கிறது. போட்டியும் பேரமும் காப்புரிமைக்கு எதிரான போராட்டமும் சேர்ந்து இறக்கிய விலை இது. அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்க அரசு மருந்தைத் தராமல் தாமதித்ததால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போனதாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள்.

இப்போது லெனகாபவிர் என்ற மருந்து வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, தொற்று வராமல் தடுக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். இதே மருந்தை 120 நாடுகளுக்கு 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தர ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. மருந்தின் சோதனைக்குத் தம் மக்களை அனுப்பிய பிரேசிலும் அர்ஜென்டினாவும் இந்தக் குறைந்த விலை மருந்தை விற்க உரிமம் தரப்பட்ட நாடுகளின் பட்டியலில் இல்லை. எனக்கு ஆத்திரம் வருகிறது. தனி நோயாளி ஒருவர் இதில் யாரிடம் போய்ப் பேரம் பேசுவார்?

புற்றுநோய்க்காரரிடமிருந்து எடுத்து இவர்களுக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. புற்றுநோய் மருந்தின் விலையையும் இதே வழியில் இறக்கலாம். அதற்காக நீங்கள் மனு எழுதினால் எனக்கும் அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.