டப்பாவைத் திருப்பிப் பாருங்க

கேள்வி: பையன் பிளஸ் டூ படிக்கிறான், 17 வயது, 55 கிலோ. ரீல்ஸ் பார்த்துவிட்டு ஜிம்முக்குப் போகிறான். அரிசியும்பருப்பும் சாதத்தைத் தொடுவதே இல்லை. "புரோட்டீன் பவுடர் குடிச்சாத்தான் உடம்பு ஏறும்" என்று தினமும் சண்டை. வாங்கித் தரலாங்களா? – வாசகி, பெருந்துறை

பதில்: தேவையில்லைங்க. ஆனால் திட்டினால் கேட்க மாட்டான், கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அவன் வயதுக்குக் கிலோவுக்குச் சுமார் 0.86 கிராம் புரதம் போதும், அதாவது நாளுக்கு 47 கிராம். பளு தூக்குகிறான் என்பதற்காகக் கிலோவுக்கு 1.4 என்று தாராளமாகவே வைத்தாலும் 77 கிராம்தான். 3 முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் கொள்ளில் 11, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம் கிடைக்கும். மூன்று வேளைச் சோறு, ராகி, பருப்பில் இன்னும் 20, 25 கிராம் வந்துவிடும். பவுடர் ஒரு கரண்டியில் இருப்பது சுமார் 24 கிராம், அதாவது நாலு முட்டை. நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதற்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பானேன்? ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உணவு நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியும் புரதப் பவுடரைத் தவிர்க்கத்தான் சொல்கிறது.

மீறி வாங்கினால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'மாஸ் கெய்னர்' என்று போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. எடை ஏறும், தொப்பையாக. பொருள் பட்டியலில் கிளைசின், டாரின் தனியாக இருந்தால் கவனம்: விலை குறைந்த அமினோ அமிலத்தைக் கலந்து, சோதனையில் புரத அளவைக் கூட்டிக் காட்டும் வேலையாக இருக்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) தரும் 14 இலக்க உரிம எண் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். பாலிலிருந்து எடுத்த பவுடர் என்றால், பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு வயிறு உப்பும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

அந்த ரீல்ஸையும் பையனோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். பயிற்சி முடிந்த சூட்டில் ரத்தம் பாய்ந்து தசை புடைத்திருக்கும். பக்கவாட்டு விளக்கு அதை இன்னும் எடுத்துக் காட்டும். ஒரு மணி நேரம் கழித்து அதே ஆள் அப்படி இருக்க மாட்டார். கீழே அவர் பெயரில் தள்ளுபடிக் குறியீடு (கூப்பன் கோட்) இருந்தால், பெரும்பாலும் விற்பனையில் அவருக்குக் கமிஷன் உண்டு. காசு வாங்கிப் பேசினால் அது விளம்பரம் என்று சொல்ல வேண்டும் என 2021 முதல் விளம்பரத் துறையின் விதி இருக்கிறது. ஊசி போட்டு ஏற்றிய உடம்பாக இருந்தால் அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கேள்வி: மகளுக்கு 15 வயது. தெரட்டி சீர் (பூப்புச் சடங்கு) முடிந்து மூணு வருஷமாச்சு. டிவியில் வரும் உயரம் கூட்டும் மருந்து வாங்கலாமா? – கோபிசெட்டிபாளையம்

பதில்: வாங்காதீர்கள். உயரம் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். பூப்பெய்திய பின் பெரும்பாலான பெண்கள் 5 முதல் 7 செ.மீ. தான் வளர்வார்கள். எலும்பு முனையின் வளர்தட்டு மூடிவிட்டால் எந்தப் பொடியும் அதைத் திறக்காது. மணிக்கட்டு எக்ஸ்-ரே எடுத்தால் தட்டு மூடிவிட்டதா என்று தெரியும்.

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட். கிரிக்கெட் விளம்பரத்தில் வரும் எனர்ஜி டிரிங்க் தினம் இரண்டு குடிக்கிறேன். தப்பா?

பதில்: இந்த பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் சேர்க்கலாம். 250 மி.லி. டின் இரண்டு என்றால் 150 வரை போகும். ஒரு டின்னில் சர்க்கரை மட்டும் 27 கிராம் அளவுக்கு இருக்கும், ஆறு டீஸ்பூனுக்கு மேல். காஃபினில் பாதி ரத்தத்தை விட்டு இறங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். விடிகாலை மூணு மணிக்குக் குடித்துவிட்டு எட்டு மணிக்குப் படுத்தால் தூக்கம் எப்படி வரும்? அந்தக் குறைத்தூக்கம்தான் மறுநாள் இரண்டாவது டின்னைக் கேட்கிறது. ஷிப்டின் முதல் பாதியில் ஒரு டீயோடு நிறுத்துங்கள். பிறகு தண்ணீரும் மோரும் போதும். நெஞ்சு படபடத்தால் அன்றே விட்டுவிட்டு ஈசிஜி பாருங்கள்.