அலமாரிக்குள் நிற்கும் அடுக்கு மெஷின்

நியூஜெர்சியில் வாஷர், டிரையர் பழுது பார்ப்பது என் தொழில். இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே சாமானைப் பற்றியவை: கீழே வாஷர், மேலே டிரையர் என்று ஒரே கூட்டில் நிற்கும் பழைய அடுக்கு மெஷின்.

கேள்வி: ஜெர்சி சிட்டியில் ஒரு பெட்ரூம் காண்டோ வாங்கியிருக்கிறோம். 70-களில் கட்டிய கட்டடம். பாத்ரூமை ஒட்டிய அலமாரியில் மாம்பழ மஞ்சளில் ஒரு ஃப்ரிஜிடேர் ‘ஸ்கின்னி மினி’ அடுக்கு மெஷின் நிற்கிறது. நன்றாகவே ஓடுகிறது. முதல் வேலையாக அதைத் தூக்கிப் போட வேண்டும் என்கிறார் என் கணவர். எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள், அம்மா. ஆனால் துணியைப் போட்டு முடுக்கிவிட்டுக் கடைக்குக் கிளம்பும் அளவுக்கு இப்போதே நம்பியும் விடாதீர்கள்.

உங்களிடம் இருப்பது இன்று கடையில் விற்கிற ஃப்ரிஜிடேர் அல்ல. அந்தக் காலத்தில் ஃப்ரிஜிடேர், ஜெனரல் மோட்டார்ஸின் சொத்து. செவ்ரலே கார் செய்த அதே கம்பெனிதான் ஃப்ரிட்ஜும் வாஷரும் செய்து விற்றது. 1979-ல் அந்தப் பிரிவை ஒயிட் கன்சாலிடேட்டட் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். பெயர் கைமாறியது, உள்ளே இருந்த இயந்திர அமைப்பு அதோடு நின்றுபோனது. துவைக்கும்போது மூடியைத் தூக்கிப் பாருங்கள், கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். மற்ற மெஷின்களில் நடுத்தண்டு இடமும் வலமுமாகத் திரும்பும். ஜி.எம். காலத்து ஃப்ரிஜிடேரில் அது மேலும் கீழுமாகக் குதிக்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், துணியும் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. இந்த வம்சத்துக்குப் புதுப் பாகம் கிடைப்பது அநேகமாக நடக்காத காரியம். இன்னொரு பழைய மெஷினிலிருந்து கழற்றினால்தான் உண்டு. ஆகவே சின்ன ஹோஸ், கிளாம்ப் போன்றவற்றுக்குச் செலவழியுங்கள். மோட்டார், தொட்டி, அடியில் உள்ள இயக்கம் என்று யாராவது பெரிய எஸ்டிமேட் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, நான் பயப்படுவது மெஷினுக்கு அல்ல, அதன் முதுகுக்குப் பின்னால் இருப்பதற்கு. மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் வரும் இரண்டு ரப்பர் ஹோஸும் வைத்த நாளிலிருந்து மாற்றாமலே இருக்கலாம். வெடித்தால் உங்கள் தரை மட்டுமல்ல, கீழ்வீட்டுக்காரரின் கூரையும் போகும். எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ் வாங்கி மாட்டுங்கள். ஊருக்குப் போகும்போது குழாயையும் மூடிவிட்டுப் போங்கள்.

அப்புறம் டிரையரின் காற்றுக் குழாய். பழைய வீடுகளில் வெள்ளை பிளாஸ்டிக்கில், மடிப்பு மடிப்பாக ஒன்று இருக்கும். இருந்தால் அன்றே கழற்றிக் குப்பையில் போடுங்கள். 4 அங்குல உலோகக் குழாய்தான் வேண்டும், முடிந்தவரை நேராக. பொதுவான கட்டட விதிப்படி மொத்த நீளம் 35 அடிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் அதில் 5 அடியைக் கழித்துக்கொள்ளுங்கள். அலமாரி மெஷின்களில் பெரும்பாலும் அதை மிதித்து நசுக்கித்தான் உள்ளே தள்ளியிருப்பார்கள்.

மூன்றாவது, டிரையரின் வயிறு. வடிகட்டியை வாரம் தவறாமல் துடைக்கிற வீட்டில்கூட, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தகட்டைக் கழற்றினால் டிரம்முக்குக் கீழே தலையணைக்கு அடைத்த மாதிரி சாம்பல் நிறப் பஞ்சு இருக்கும். ஹீட்டர் கம்பிக்குப் பக்கத்தில் பஞ்சு கருகி முறுகிப்போயிருப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தீப்பிடிப்பது இங்கேதான். இதை ஒருமுறை ஆளை வைத்துச் சுத்தம் செய்யாமல் அந்த டிரையரில் ஒரு கைக்குட்டைகூடப் போடாதீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஓடும் வரை ஓடட்டும். நின்றுவிட்டாலும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். இந்த மாடலைத் தேடி வாங்கிச் சேர்க்கிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். உங்கள் கணவருக்கும் ஒரு வேலை: அலமாரியின் அகலத்தை இப்போதே டேப் வைத்து அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். இன்றைய அடுக்கு மெஷின்கள் பெரும்பாலும் 27 அங்குலம் அகலம். 24 அங்குலத்திலும் வருகிறது, தேர்ந்தெடுக்க மாடல்தான் குறைவு.

கேள்வி: அண்ணா, எடிசன் ஊரில் ஒருவர் 90-களின் வேர்ல்பூல் ‘தின் ட்வின்’ அடுக்கு மெஷினை 200 டாலருக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: ஓட்டிக் காட்டினால் வாங்கலாம், தம்பி. இது முந்தைய கேள்விக்கு நேர் எதிர். இதன் வாஷர் பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேரடியாகச் சுற்றுகிற ரகம். அதே அமைப்பை வேர்ல்பூலும் கென்மோர் என்ற பிராண்டும் கோடிக்கணக்கான வீடுகளில் போட்டதால் பாகங்கள் இன்றும் மலிவு. மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பிளாஸ்டிக்கும் ரப்பருமாக உள்ளங்கை அளவில் ஒரு கப்ளிங் இருக்கும். அதிக பாரம் ஏற்றினால் முதலில் அது உடைந்து மற்றதைக் காப்பாற்றும். மோட்டார் சத்தம் கேட்கிறது, தண்ணீரும் வடிகிறது, தொட்டி மட்டும் அசையவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். இதற்குப் போய் “மோட்டார் போச்சு” என்று சொல்லும் ஆளை வாசலோடு அனுப்புங்கள்.

டிரையர் கீச்சிட்டால் டிரம்மைத் தாங்கும் உருளை அல்லது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சக்கரம் தேய்ந்திருக்கும். அதற்கு விலையில் ஒரு தொகையைக் குறைத்துக் கேளுங்கள். சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கிற தெர்மல் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று விற்பவரே சொன்னால் ஃபியூஸைத் திட்டாதீர்கள். காற்றுப் போக வழியில்லாமல் சூடு ஏறுவதால்தான் அது போகிறது. குழாயைச் சுத்தம் செய்யாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் மறுபடியும் போகும்.

வாங்குமுன் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள். ஒரே கூடு என்பதால் இதை இரண்டாகப் பிரித்துத் தூக்க முடியாது என்றே கணக்கு வையுங்கள்.

கேள்வி: பழைய டிரையரின் பிளக்கில் மூன்று முள், எங்கள் புது வீட்டுச் சுவரில் நான்கு துளை. அடாப்டர் போட்டால் போதுமா?

பதில்: அடாப்டர் வேண்டாம், ஒயரையே மாற்றுங்கள். அமெரிக்க மின் விதிகள் 1996-ல் மாறின. அதற்கு முன் 240 வோல்ட் டிரையரில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியில் இருந்தன; அதன்பின் போட்ட புது இணைப்புகளுக்கு இரண்டும் தனித்தனி. நாலு முள் ஒயர் வாங்கி மாட்டுவது சின்ன வேலைதான். ஆனால் டிரையருக்குள் நியூட்ரலை இரும்புக் கூட்டோடு சேர்க்கிற ஒரு பட்டையோ கம்பியோ இருக்கும். நாலு முள் ஒயர் போடும்போது அதைப் பிரித்தே ஆக வேண்டும். அதை மறந்தால் நியூட்ரல் மின்சாரம் மெஷின் உடம்பிலும் ஓடும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அந்தப் பட்டையைப் பிரித்தாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கேள்வி: கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார். எங்கள் குட்டி அடுக்கு மெஷினில் அவருடைய காட்டன் புடவை நடுத்தண்டில் சுற்றிக்கொண்டு கிழிந்தே விட்டது. அப்பாவின் வேட்டியும் அப்படித்தான் ஆகுமோ?

பதில்: ஆகும். மேல்சட்டையும் உள்ளாடையும் துவைக்கிற ஊரில் பிறந்த மெஷின் அது, ஆறு கஜத்தை அதற்குத் தெரியாது. புடவையை நாலாக மடித்து, ஜிப் வைத்த வலைப்பையில் போட்டு, ‘டெலிகேட்’ ஓட்டத்தில் துவைக்கலாம். ஒரு ஓட்டத்துக்கு ஒரு புடவைதான். கூடவே நாலைந்து சின்னத் துணி போட்டால் தொட்டி ஒரு பக்கமாகச் சாயாது. வேட்டிக்கும் இதேதான். ஜரிகைக் கரை எதையும் டிரையரில் காட்டாதீர்கள். பருத்திப் புடவையும் அந்தச் சூட்டில் சுருங்கும். பாத்ரூம் கம்பியில் போட்டால் காலையில் காய்ந்துவிடும். பட்டுப்புடவை பற்றி அம்மா கேட்கவே மாட்டார், அவருக்குத் தெரியும்.

கேள்வி: தனித்தனியாக இருக்கும் பழைய வாஷர் மேல் டிரையரை நாமே ஏற்றி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மேலே மூடி திறக்கிற வாஷர் என்றால் பேச்சே இல்லை, மூடியை எப்படித் திறப்பீர்கள்? முன்பக்கக் கதவு ரகம் என்றால், அந்த ஜோடிக்கென்றே கம்பெனி விற்ற இணைப்புச் சட்டம் இருந்தால் மட்டும் ஏற்றலாம். சுழலும்போது வரும் ஆட்டத்தில், சும்மா வைத்த டிரையர் மெல்ல மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும்.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்டில் வெளியே போகும் குழாய் கிடையாது. டிரையர் காற்றை வீட்டுக்குள்ளேயே விடலாமா?

பதில்: கேஸ் டிரையர் என்றால் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். மின்சார டிரையர் என்றாலும் ஈரம் முழுவதும் சுவரில் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். குழாய் தேவைப்படாத கண்டென்சர் அல்லது ஹீட் பம்ப் டிரையர் வாங்குங்கள், இல்லையென்றால் வாஷரை மட்டும் ஓட்டிவிட்டுக் கொடியில் போடுங்கள்.

கேள்வி: என் மெஷினின் பச்சை நிறம் பிடிக்கவில்லை. பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: வீட்டு உபயோகச் சாமான்களுக்கென்று எபாக்சி ஸ்பிரே பெயின்ட் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அடியுங்கள். மாடல் நம்பர் உள்ள தகட்டின் மேல் மட்டும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பாகம் கேட்டு எனக்கு போன் செய்யும்போது நான் கேட்கப்போகும் முதல் கேள்வி அந்த நம்பர்தான்.