டெக்சாசின் ஃபிரிஸ்கோவில் நண்பரின் வீட்டை வாங்கும் தம்பிக்கு

அலுவலக நண்பரின் வீட்டை ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக வாங்கப் போகிறீர்கள். அவர் சொல்லும் விலை நியாயமா என்று பார்க்க நம்பகமான அப்ரைசர், அதாவது வீட்டை மதிப்பிடும் ஆள், எங்கே கிடைப்பார், பேங்க் அனுப்பும் ஆளே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது தம்பி. பேங்க் அனுப்பும் அப்ரைசருக்கு நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள், ஆனால் அவருடைய வாடிக்கையாளர் பேங்க். கொடுக்கிற கடனுக்கு வீடு ஈடாகுமா என்பதற்காகத்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் வரும்போது ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கும், பேசி முடித்த விலையும் அவர் கையில் இருக்கும். உங்களுக்கோ விலை பேசும் முன்பே எண் தெரிய வேண்டும். அதனால் முதலில் உங்கள் செலவில் ஒருவரை வையுங்கள். அந்த ரிப்போர்ட்டைக் கடனுக்கு ஏற்க மாட்டார்கள், பேங்க் தனியாக ஒன்று போடும். சாதாரண வீட்டுக்குச் சில நூறு டாலர் கூடுதலாகும். இவ்வளவு பெரிய தொகை கைமாறும் இடத்தில் அதைச் செலவாகவே நினைக்காதீர்கள்.

டெக்சாசில் இது இன்னும் அவசியம். வீடு என்ன விலைக்குப் போனது என்று அரசிடம் சொல்லும் கட்டாயம் இங்கே இல்லை. கவுன்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் தெரிவது வரிக்காகப் போட்ட மதிப்பு, அதை வைத்து விலை பேசாதீர்கள். உண்மையான விற்பனை விலைகள், ரியல்டர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் எம்எல்எஸ் என்ற வீட்டுப் பட்டியலில் இருக்கும். அதனால் போனில் முதல் கேள்வியே, “இந்த ஊர் எம்எல்எஸ் உங்களிடம் இருக்கிறதா, இந்தப் பக்கம் சமீபத்தில் வீடுகள் பார்த்திருக்கிறீர்களா?” என்பதாக இருக்கட்டும்.

ஆளைத் தேட, விற்பவரிடமோ கடன் ஏஜென்டிடமோ பெயர் கேட்காதீர்கள். விவாகரத்து, சொத்துப் பிரிவினை வழக்கு நடத்தும் வக்கீல்களிடம் கேளுங்கள். கோர்ட்டில் குறுக்கு விசாரணையைத் தாங்கும் மதிப்பீடு அவர்களுக்கு வேண்டும், அதனால் ஏனோதானோ ஆட்களை வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெயர் கிடைத்ததும் டெக்சாஸ் அப்ரைசர் லைசென்சிங் அண்ட் சர்டிஃபிகேஷன் போர்டு தளத்தில் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பாருங்கள். லைசென்ஸில் ‘சர்டிஃபைடு ரெசிடென்ஷியல்’, அதாவது குடியிருப்பு வீடுகளை மதிப்பிடச் சான்று பெற்றவர், என்று இருந்தால் நல்லது. அப்ரைசர்களின் சங்கமான அப்ரைசல் இன்ஸ்டிட்யூட் வீட்டு மதிப்பீட்டுக்குத் தரும் எஸ்ஆர்ஏ பட்டமும் இருந்தால் கூடுதல் நம்பிக்கை.

“எவ்வளவு வர வேண்டும் சார்?” என்று கேட்பவரை அதோடு விட்டுவிடுங்கள். முன்கூட்டியே சொன்ன எண்ணுக்கு மதிப்புப் போட்டுத் தருவது இந்தத் தொழிலின் விதிகளுக்கே விரோதம். நீங்களும் மனதில் இருக்கும் விலையைச் சொல்லிவிடாதீர்கள்.

நல்ல அப்ரைசர் வந்தால் வெளிச்சுவரைச் சுற்றி அளந்து வரைபடம் போடுவார், ஒவ்வொரு அறையையும் படம் எடுப்பார், கூரையும் ஏசியும் எப்போது மாற்றியது என்று கேட்பார். பத்து நிமிடத்தில் கிளம்புகிறவரை நான் நம்ப மாட்டேன். ரிப்போர்ட் வந்ததும் கடைசி எண்ணுக்குத் தாவாமல், ஒப்பிட்ட வீடுகளைப் பாருங்கள். குறைந்தது மூன்று இருக்கும். அவை எங்கே இருக்கின்றன, எப்போது விற்றன, கூடுதல் கராஜுக்கும் நீச்சல் குளத்துக்கும் எவ்வளவு கூட்டிக் கழித்திருக்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நீங்கள் வாங்கும் வீடு கிழக்குப் பார்த்தது என்பதால் நண்பர் கூடுதலாகக் கேட்கலாம். நம் ஆட்கள் அதற்குக் கொடுக்கிறார்கள்தான். ஆனால் அந்தப் பகுதியின் விற்பனைகளில் அந்த வித்தியாசம் தெரிந்தால்தான் அப்ரைசர் கணக்கில் எடுப்பார். பூஜை அறைக்குச் செய்த மரவேலைக்குப் பெரிதாக ஒன்றும் சேராது.

அப்புறம், அப்ரைசர் இன்ஸ்பெக்டர் இல்லை. டல்லாஸ் பக்கத்துக் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், அஸ்திவாரம் அசையும். அதைப் பார்க்க லைசென்ஸ் உள்ள இன்ஸ்பெக்டரைத் தனியாக வையுங்கள்.

பிறகு பேங்க் போடும் அப்ரைசலின் பிரதியும் க்ளோசிங்குக்கு, அதாவது கடனும் வீடும் கைமாறும் நாளுக்கு, மூன்று வேலைநாள் முன்பாவது உங்களுக்கு வர வேண்டும், அது சட்டம். பரப்பளவோ ஒப்பிட்ட வீடோ தவறாக இருந்தால் பேங்கிடம் மறுபரிசீலனை கேட்கலாம்.

நண்பர் மனம் கோணுவாரோ என்று தயங்காதீர்கள். ஆளை அழைத்து வரும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள், ரிப்போர்ட் வந்ததும் அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். எண் உங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் கொடுங்கள்.