டிராக்கிங் குமிழை விளையாட்டாக்குவது எப்படி?

வாசகர் கேள்வி: பழைய வீடியோ டெக்கில் படம் கலங்கினால் டிராக்கிங் குமிழைத் திருகிச் சரிசெய்வார்கள் அல்லவா? அதை வைத்து ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறிய கைவேக விளையாட்டு எழுதுகிறேன். என் மடிக்கணினியில் ஒழுங்காக நகரும் கோடுகள், தம்பியின் கைப்பேசியில் இரு மடங்கு வேகத்தில் ஓடுகின்றன. விளையாடியவர்களோ, எதை அழுத்தினாலும் ஒன்றுதான் என்கிறார்கள். தவறு எங்கே?

பதில்: இரண்டாவது குறையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், விளையாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. உங்கள் கோடுகள் தாறுமாறாக வந்து போகின்றன என்று ஊகிக்கிறேன். உண்மையான டெக்கில் அவை காரணமின்றி வருவதில்லை. வி.எச்.எஸ். வகை வீடியோ கேசட்டில் உள்ள நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர். நம் நாட்டில் வழங்கிய பிஏஎல் என்ற தொலைக்காட்சி முறையில், நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் உருளையில் உள்ள, நாடாவில் எழுதவும் படிக்கவும் செய்யும் இரண்டு காந்தத் தலைகள், ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் அகலமே கொண்ட சாய்வான தடங்களாகப் படத்தை அந்த நாடாவில் எழுதுகின்றன. நாடாவின் ஓரத்தில் நொடிக்கு 25 துடிப்புகள் தனியே பதிவாகியிருக்கும்; எந்தத் தடம் எப்போது தலைக்கு நேரே வரும் என்பதை டெக் அவற்றைக் கொண்டே கணிக்கிறது. ஒரு டெக்கில் பதிந்த கேசட்டை இன்னொன்றில் போடும்போது இந்தக் கணிப்பு சற்று முந்தலாம், அல்லது பிந்தலாம். அப்போது தலை தடத்தைவிட்டு விலகுகிறது, சமிக்ஞை மெலிகிறது, திரையில் வெள்ளைப் புள்ளிகள் பட்டையாகத் திரள்கின்றன. குமிழ் திருத்தியது அந்த முந்தலையும் பிந்தலையும்தான்.

ஆகவே நிரலில் ‘விலகல்’ என்று ஒரே ஓர் எண்ணை வையுங்கள். அது பூஜ்யமாக இருந்தால் படம் தெளிவு. கூடினால் பட்டை மேலிருந்து இறங்கட்டும், குறைந்தால் கீழிருந்து ஏறட்டும். இது விளையாட்டுக்காக நாம் செய்துகொள்ளும் எளிமைதான். ஆனால் எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதைப் படமே சொல்லிவிடுவதால், ஆடுபவரின் முடிவுக்குப் பொருள் வந்துவிடுகிறது. படத்தைக் கேன்வாஸில், அதாவது உலாவி தரும் வரைபரப்பில், இரண்டு பிக்சல் உயரக் கீற்றுகளாக வரைந்து, விலகலின் அளவுக்கேற்ப ஒவ்வொரு கீற்றையும் பக்கவாட்டில் நகர்த்துங்கள். படத்தின் அடியில் சில வரிகள் மட்டும் எப்போதும் கிழிந்தே இருக்கட்டும். ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு மாறும் இடம் அது. சரியாக ஓடும் டெக்கிலும் அது உண்டு என்பதால் அதைத் தவறாகக் கணக்கிடக் கூடாது.

வேகக் கோளாறுக்குக் காரணம், ஒவ்வொரு சட்டகத்துக்கும் இத்தனை பிக்சல் என்று பட்டையை நகர்த்துவதாகவே இருக்க வேண்டும். உங்கள் திரை நொடிக்கு 60 முறையும் தம்பியின் திரை 120 முறையும் புதுப்பிக்கப்பட்டால், நீங்கள் சொல்லும் இரு மடங்கு அப்படியே கிடைக்கும். ஒவ்வொரு சட்டகத்துக்கும் முன் உங்கள் நிரலை அழைக்கும் ரெக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் தரும் நேரத்திலிருந்து முந்தைய நேரத்தைக் கழித்து, வேகத்தை அந்த இடைவெளியால் பெருக்குங்கள். ஆடுபவர் உலாவியில் வேறு பக்கத்துக்குப் போய்த் திரும்பினால் இடைவெளி பல நொடிகளாகிப் பட்டை பாய்ந்துவிடும். எனவே 50 மில்லிநொடிக்கு மேல் அதை அனுமதிக்க வேண்டாம்.

அழுத்தத்தைக் ‘கிளிக்’ நிகழ்வில் பிடிக்காமல் ‘பாயின்டர்டவுன்’ நிகழ்வில் பிடியுங்கள். முன்னது விரலை எடுத்த பிறகே வரும். கண்ணால் கண்டு கை அசையச் சுமார் கால் நொடி ஆகிறது. திசையைத் தேர்வதற்கு இன்னும் சற்று நேரம் வேண்டும். மிகக் கடினமான கட்டத்திலும் முக்கால் நொடி கொடுங்கள். பட்டை தோன்றி 100 மில்லிநொடிக்குள் அழுத்தினால் அது ஊகமே. ஓட்டப் பந்தயத்தில் தவறான புறப்பாட்டைக் கண்டறியும் எல்லையும் அதுதான். கோளாறுகளுக்கு இடையே 1.5 முதல் 4 நொடிவரை மாறிமாறி விடுங்கள். தாளம் பிடிபட்டால் கைவேகத்துக்கு வேலை இல்லை.

இரைச்சல் ஒலியும் சேர்க்கலாம், ஆனால் மதிப்பெண்ணை அதைச் சார்ந்து வைக்காதீர்கள். புளூடூத் காதொலிப்பான்களில் ஒலி தாமதமாக வந்து சேரும். மதிப்பெண்ணுக்கு டெக்கில் நாடா ஓட ஓட எண் ஏறும் எண்சுற்றியையே பயன்படுத்துங்கள்: படம் தெளிவாக இருக்கும்வரை மட்டும் அது ஓடட்டும், கலங்கியதும் நிற்கட்டும். ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். முழுத்திரையும் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது. ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களும் உங்கள் விளையாட்டைத் திறப்பார்கள்.