நகையை அடகு வைப்பதற்கு முன்

வணக்கம் அம்மா. மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் கடைசி வருஷம் படிக்கிறாள், சைபர் செக்யூரிட்டிதான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், ஆறு மாதக் கோர்ஸுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள், நூறு சதவீதம் வேலை உறுதி என்கிறார்கள், நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், வைக்காதீர்கள். மகளின் ஆசையில் தப்பே இல்லை, துறையும் நல்ல துறைதான். அந்தக் கோர்ஸை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

உலகம் முழுக்க லட்சக்கணக்கில் ஆள் பற்றாக்குறை என்று இந்த மாதிரி கோர்ஸ் நோட்டீஸ்களில் போடுகிறார்களே, அந்த எண் பெரும்பாலும் ஐ.எஸ்.சி.2 என்ற சர்வதேச அமைப்பின் அறிக்கையிலிருந்து எடுப்பதுதான். 2024-இல் 48 லட்சம் பேர் குறைவு என்று சொன்னார்கள். ஆனால் அது காலியிடங்களின் எண்ணிக்கை கிடையாது. நிறுவனங்கள் தங்களை ஒழுங்காகப் பாதுகாத்துக்கொள்ள எத்தனை பேர் தேவை, இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, நடுவில் விழும் பள்ளத்தைச் சொல்கிறார்கள். ஆள் தேவை என்பது வேறு, அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குவது வேறு. அதே அறிக்கை, பட்ஜெட் இல்லாததைத்தான் பற்றாக்குறைக்கு முதல் காரணமாகச் சொல்கிறது. இதை எந்த நோட்டீஸிலும் போட மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், தட்டுப்பாடு அதிகம் இருப்பது நாலைந்து வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு. புதிதாக வருபவர்களுக்கு வாசல் குறுகல்தான். ஜூனியர் வேலைக்கே இரண்டு வருஷ அனுபவம் கேட்டு விளம்பரம் கொடுக்கிறார்கள். கற்றுக்கொடுத்து வளர்க்க மனசில்லாமல், பக்கத்துக் கம்பெனியில் தயாரானவரை இழுத்துக்கொண்டு, அப்புறம் ஆளே கிடைக்கவில்லை என்று புலம்பும் நிறுவனங்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. ஆனாலும் அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டுக்கு எத்தனை வாசல் என்றே தெரியாதவரைக் காவலுக்கு நிறுத்த முடியாது, நெட்வொர்க் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அதைப் பாதுகாக்கவும் முடியாது.

அதற்காக வேலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வங்கிகள் தங்கள் கணினிகளை 24 மணி நேரமும் கண்காணிக்கும் மையம் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-லேயே சொல்லிவிட்டது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, ஒரு தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும், கணினியில் நடந்ததைக் காட்டும் பதிவுகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதே வருஷம் நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கி, நோயாளிகளுக்கு நாள்கணக்கில் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இத்தனைக்கும் ஆள் வேண்டாமா? வேண்டும்தான்.

உங்கள் மகள் முதலில் நுழையக்கூடிய வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேலே சொன்ன கண்காணிப்பு மையத்தைத்தான் எஸ்.ஓ.சி. என்பார்கள், அங்கே திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு எச்சரிக்கை வருகிறது. விண்டோஸ் பதிவில் 4625 என்ற எண் ஒரே ஊழியர் பெயரில் நாற்பது தடவை, அதாவது நாற்பது தடவை லாகின் தோற்றிருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் 4624, உள்ளே போயாகிவிட்டது. பாஸ்வேர்டு மாற்றிய பிறகு பழைய பாஸ்வேர்டையே முட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மென்பொருளா, இல்லை நிஜமாகவே யாரோ திருடன் உள்ளே வந்துவிட்டானா? எந்த ஐபி (அதாவது எந்த இணைய முகவரியிலிருந்து), எந்த ஊர், அந்த ஊழியர் அன்றைக்கு லீவா என்று பார்த்து, பத்து இருபது நிமிஷத்தில் முடிவெடுத்து, மேலே உள்ளவருக்குப் புரிகிற மாதிரி நாலு வரி ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். சினிமாவில் காட்டுகிற ஹேக்கிங் இல்லை இது. பொறுமையும், நெட்வொர்க் அறிவும், தெளிவாக எழுதும் பழக்கமும்தான் இங்கே சோறு போடும்.

இதைப் படிக்க ஒன்றரை லட்சம் தேவையில்லை. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் சிறு கட்டணம். முதல் மூன்று மாதம் நெட்வொர்க்கும், லினக்ஸ் என்ற இயங்குதளமும் (விண்டோஸ் மாதிரி) மட்டும் படிக்கட்டும், வேறு எதையும் தொட வேண்டாம். ஓவர்திவயர் தளத்தில் பாண்டிட் என்று ஒரு பயிற்சி இருக்கிறது, லினக்ஸ் கை பழக அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. இணையதளங்களின் பாதுகாப்பைப் படிக்க ஆசைப்பட்டால் போர்ட்ஸ்விகர் அகாடமி, அதுவும் இலவசம். வீட்டு லேப்டாப்பிலேயே விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு, விண்டோஸ் ஒன்று லினக்ஸ் ஒன்று ஓடவிட்டு, மேலே சொன்ன அந்த 4625-ஐத் தானே உண்டாக்கி, தானே கண்டுபிடித்து, செய்ததைப் படிப்படியாக கிட்ஹப் என்ற தளத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதி வைக்கட்டும். இன்டர்வியூவில் அதைக் காட்டிப் பேசினால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். கல்லூரியில் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்ட வகுப்புகளில் இந்தப் பாடம் இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். அனுமதி இல்லாமல் வேறு யாருடைய தளத்தையும், கல்லூரி சர்வரைக்கூட, சும்மா சோதித்துப் பார்த்தேன் என்று தொடக்கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் 3 வருஷம் வரை சிறை இருக்கிறது, போலீஸ் வழக்கு ஒன்று விழுந்தால் இந்தத் துறையில் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

சான்றிதழ் அவசியம் என்றால், அடிப்படை வந்த பிறகு செக்யூரிட்டி பிளஸ் என்ற ஆரம்பநிலைத் தேர்வை எழுதட்டும், போதும். அனுபவசாலிகளுக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழை வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அந்தத் தகுதி முழுசாகக் கிடைக்கவே பொதுவாக 5 வருஷ வேலை அனுபவம் வேண்டும்.

முதல் வேலை ஹெல்ப்டெஸ்க்காகவோ (ஊழியர்களின் கணினிப் பிரச்சினைகளைத் தீர்த்துவைப்பது) நெட்வொர்க் சப்போர்ட்டாகவோ கிடைத்தால் மறுக்க வேண்டாம். ஒன்றரை, இரண்டு வருஷத்தில் அங்கிருந்து செக்யூரிட்டி டீமுக்கு மாறுவது நடக்கிற காரியம், நேராகக் கதவைத் தட்டுவதைவிட எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம். மேலே படிக்க வசதி இருந்தால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. சேரலாம், அதை முடித்தால் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நடத்தும் பாதுகாப்புப் பட்டயப் படிப்புக்கும் வழி திறக்கும்.

நைட் ஷிப்ட் பற்றிக் கேட்டீர்கள். இருக்கும், மறைக்கவில்லை. எஸ்.ஓ.சி. வேலையில் முதல் சில வருஷம் ஷிப்ட் மாறி மாறி வரும், மாதத்தில் சில வாரம் ராத்திரிதான். வீட்டு வாசல் வரை கேப் வருமா, கூட காவலர் உண்டா, ஷிப்ட் அலவன்ஸ் எவ்வளவு, இந்த மூன்றையும் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எச்.ஆரிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள். எல்லாரும் கேட்பதுதான், தப்பாக நினைக்க மாட்டார்கள்.